ரெண்டரை மணி தம்

(போன ஞாயித்துக்கிழமை எங்க ஊர் லைப்ரரி வாசகர் வட்டத்துல பேசினது. வர முடியாத சிலர் கேட்டாங்க, அதான் ஞாபகத்துல இருக்கறதை அப்படியே டைப் பண்ணி போடுறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி கேக்குதா? ஃபேனை கொஞ்சம் குறைங்க தம்பி, பேப்பர் பறக்குது.

எனக்கு ஸ்கூல்ல கணக்கு வராது, ஆனா ராத்திரி கணக்கு பிரமாதமா வரும். ஒன்னே முக்காலுக்கு போனை எடுத்து பாப்பேன், ஆறு மணிக்கு எந்திரிக்கணும், இப்ப தூங்கினா கூட நாலேகால் மணி நேரம் இருக்கு, பரவால்லன்னு திரும்பி படுப்பேன். மறுபடி பாத்தா ரெண்டரை. மூணரை மணி நேரம் தான். அவ்ளோ தான், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், நாளைக்கு ஆபீஸ்ல என்னத்த பேசப் போறோம், யார் மேல எரிஞ்சு விழப் போறோம், இப்படியே போனா உடம்பு என்னாகும்னு வரிசையா ஓடும், கடைசில சத்தம் போடாம கதவை திறந்து மொட்டை மாடிக்கு போயி ஒன்னு பத்த வைப்பேன். பத்த வெச்சதும் அப்பாடான்னு இருக்கும். கீழ வந்து படுத்தா மூணரை, நாலுக்கு ஒரு கோழித்தூக்கம் வரும். உடனே நான் முடிவு பண்ணிட்டேன், தம் அடிச்சா தான் எனக்கு தூக்கமே வருது. இப்படி பல வருஷம் ஓட்டியிருக்கேன். இன்னைக்கு கவுன்சிலிங் வேலையில இருக்கறவன் தான் சொல்றேன், சிரிக்காதீங்க.

இங்க நடக்கறது என்னன்னா, நிகோடின், அதான் புகையிலையில இருக்கற போதை சரக்கு, ரத்தத்துல கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியா குறையும். பத்து மணிக்கு கடைசி தம்முன்னா ரெண்டு மணிக்கு கால்வாசி தான் மிச்சம். பழகின மூளை அப்ப கேக்க ஆரம்பிக்கும். அந்த கேக்கறது நமக்கு 'சிகரெட் வேணும்'னு தெரியாது, ஒரு அமைதியில்லாம, ஒரு எரிச்சலா, காரணமே இல்லாத பயமா தான் தெரியும். ஒரு இழுப்புல பத்து இருபது செகண்ட்ல மூளைக்கு போயி அதை அடக்கிடும். ஆனா அதே நிகோடின் நாடித்துடிப்பை ஏத்தும், பிரஷரை ஏத்தும், அது முழிக்க வைக்கிற சரக்கு. அப்ப நமக்கு கிடைச்ச நிம்மதி எது? முந்தின சிகரெட் வெச்சுட்டு போன கடனை இந்த சிகரெட் அடைச்ச நிம்மதி. அது தூக்கத்துக்கு ஒன்னும் பண்ணல.

இந்த கவலை பக்கத்துக்கு வருவோம், எனக்கு அது தான் முக்கியமா படுது. ஆலிசன் ஹார்வின்னு ஒரு உளவியல் ஆய்வாளர் 2002-ல ஒரு விளக்கம் கொடுத்தாங்க. தூக்கம் வரலன்னு கவலைப்படுறோம், கவலை உடம்பை உஷார் பண்ணுது, உஷாரான மனசு 'இன்னும் முழிச்சிருக்கேனா'ன்னு தன்னையே வேவு பாக்குது, மணி பாக்குது, அதனால தூங்கின கொஞ்சமும் தூங்காத மாதிரியே தோணுது, அப்புறம் அதை சமாளிக்க ஏதாவது செய்யிறோம், அந்த செய்யிறதே இதை தொடர வைக்குது. சிகரெட்டை அந்த கடைசி இடத்துல நான் தான் கொண்டு போயி வைக்கிறேன், ஆனா என் மொட்டை மாடி கதை அப்படியே அதுல உக்காருதா இல்லையா?

இன்னொன்னு கேளுங்க, 2014-ல அமெரிக்காவுல கொலராடோ காலேஜ்ல ஒரு சோதனை வெச்சாங்க. சும்மா ஒரு மிஷினை மாட்டி, உங்க தூக்கத்தை அளந்தாச்சுன்னு சொல்லி, சில பேருக்கு நேத்து நல்லா தூங்கியிருக்கீங்க, சில பேருக்கு சரியா தூங்கலன்னு வாய்க்கு வந்ததை சொன்னாங்க. அப்புறம் கவனத்துக்கு டெஸ்ட் வெச்சா, நல்லா தூங்கினதா சொல்லப்பட்டவங்க நல்லா பண்ணாங்க, மத்தவங்க சொதப்பினாங்க. உண்மையில எப்படி தூங்கினாங்கங்கறது ரெண்டாம் பட்சமா போச்சு. காலையில எந்திரிச்ச உடனே கையில கட்டின வாட்ச் தூக்கத்துக்கு எவ்ளோ மார்க் போட்டுச்சுன்னு பாத்துட்டு மூடு அவுட் ஆகறவங்க இதை யோசிங்க.

அதுக்காக தூக்கமின்மை வெறும் கற்பனைன்னு நான் சொல்ல வரல. தூக்கமின்மை இருக்கறவங்களுக்கு பின்னாடி டிப்ரஷன் வர்ற வாய்ப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்குன்னு 21 ஆய்வுகளை சேத்து பாத்து 2011-ல சொன்னாங்க. மனசு டல்லா இருந்தா தூக்கம் போகும், தூக்கம் போனா மனசு டல்லாகும், ரெண்டுக்கும் மருந்துன்னு சிகரெட் பாக்கெட் காலியாகும்.

'சிகரெட்டை விட்டா எனக்கு பைத்தியம் பிடிச்சிரும் சார்'னு சொல்றவங்க நிறைய. முதல் வாரம் அப்படித்தான் இருக்கும். எரிச்சல் வரும், தூக்கம் உடையும், கனவு கன்னாபின்னான்னு வரும். ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துல பெரும்பாலும் அடங்கிடும். ஆனா நம்ம ஆளு நாலாவது ராத்திரியே 'இனிமே எனக்கு தூக்கமே வராது போல'ன்னு பயந்து பெட்டிக்கடைக்கு போயிடுறான். அவனை தோக்கடிச்சது தூக்கமின்மை இல்ல, அந்த 'இனிமே'ங்கற வார்த்தை. விட்டவங்களையும் விடாதவங்களையும் வெச்சு 26 ஆய்வுகளை 2014-ல ஒன்னா பாத்தப்போ, கொஞ்ச மாசம் தாண்டினவங்களுக்கு பதட்டம், மனச்சோர்வு, டென்ஷன் மூணும் குறைஞ்சு தான் இருந்துச்சு.

இப்ப டீக்கு வருவோம், யாரும் சொல்லாத விஷயம். டீ, காபியில நம்மள முழிக்க வைக்கிற சரக்கு காபின், சிகரெட் புகை கல்லீரல்ல அது கரையிற வேகத்தை கூட்டும். நிகோடின் இல்ல, புகை. விட்டதும் அந்த வேகம் போயிடும், அதே அஞ்சு டீ குடிச்சா உடம்புல ரெண்டு மடங்கு வரைக்கும் காபின் தேங்கும். கை நடுங்கும், படபடப்பு, ராத்திரி கொட்ட கொட்ட முழிப்பு. ஆளு என்ன நினைப்பான்? சிகரெட் இல்லாததால தான்னு. இல்ல சாமி, டீயை பாதியாக்கு.

என்ன பண்ணலாம்னா, முதல்ல ரூம்லேர்ந்து கடிகாரத்தை தூக்குங்க, போனை ஹால்ல வைங்க, அலாரம் அங்கேர்ந்தே அடிக்கட்டும். தூக்கம் வரலன்னா எந்திரிச்சு வெளிய வந்து மங்கலான வெளிச்சத்துல ஏதாவது சுவாரசியமில்லாததை படிங்க, கண்ணு சொக்கும்போது மட்டும் திரும்ப படுங்க. காலையில எந்திரிக்கிற நேரம் மட்டும் மாறக்கூடாது. ரெண்டு வாரத்துக்கு மேல மனசு கனமாவே இருந்தா டாக்டரை பாருங்க, அரசோட மனநல உதவி எண் 14416-க்கும் கூப்பிடலாம், காசு இல்ல. சிகரெட் விட 1800-11-2356.

கேள்வி இருக்கா?

ஒருத்தர்: சிகரெட் விட தோல்ல ஒட்டுற நிகோடின் பேட்ச் போட்டா ராத்திரி பேய்க்கனவா வருதே?

வரும் சார். படுக்கும்போது கழட்டிட்டு காலையில புதுசு போடலாம், ஆனா உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

முன் வரிசை பெரியவர்: தம்பி, காலைல ஒரு பீடி இல்லன்னா எனக்கு வெளிக்கே வராதே, அதுக்கு என்ன சொல்ற?

ஐயா, விட்டா மலச்சிக்கல் வர்றது சகஜம் தான், வாழைப்பழம், தண்ணி, கொஞ்ச நாள் பொறுமை. யாரும் சிரிக்காதீங்க, பாதி பேரு மனசுல இருக்கறதை அவர் கேட்டுட்டாரு. சரி, டீ வந்துருச்சு போல. புதுசா விட்டவங்க யாராவது இருந்தா அரை டம்ளர் போதும்.