பெஞ்ச் கோணம் இருக்கட்டும், எடை கூடியதா?

வணக்கம். இன்றைக்கு ஜிம்முக்குள் படம் பிடிக்கவில்லை, உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

உங்களிடமிருந்து வரும் கேள்விகளில் சிலவற்றைச் சொல்கிறேன். இன்க்ளைன் பெஞ்சை, அதாவது சாய்ந்து படுத்து எடையைத் தள்ளுகிற பெஞ்சை, 30 டிகிரியில் வைப்பதா, 45 டிகிரியில் வைப்பதா? மேற்கையின் முன்பக்கத் தசைக்கான பைசெப்ஸ் கர்ல் எடுக்கும்போது சுண்டுவிரல் பக்கம் அழுத்திப் பிடித்தால் தசை கூர்மையாக எழும்புமா? ஒர்க்அவுட் முடிந்து எத்தனை நிமிடத்துக்குள் புரோட்டீன் பவுடர் குடிக்க வேண்டும்? தசை பலத்துக்காக எடுக்கிற கிரியேட்டின் பவுடர் காலையிலா, சாயங்காலமா?

இவற்றுக்கெல்லாம் பதில் உண்டு. ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் நான் திருப்பி ஒன்று கேட்பேன். "அந்த இன்க்ளைன் பிரஸ்ஸில் மூன்று மாதத்துக்கு முன்னால் எத்தனை கிலோ போட்டீர்கள்? இப்போது எத்தனை?" அநேகம் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஞாபகம் இல்லை என்பார்கள். இல்லையென்றால் அன்றைக்கும் அதே எடை, இன்றைக்கும் அதே எடை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இப்படிக் கேட்கிறவர்கள் உண்மையிலேயே உழைக்கிறவர்கள். வேலை முடிந்து களைப்போடு ஜிம்முக்குப் போகிறார்கள், சாப்பாட்டைக் கவனிக்கிறார்கள், தேடித் தேடிப் படிக்கிறார்கள். அத்தனை உழைப்பும் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

சின்ன விஷயங்கள் ஏன் இவ்வளவு இழுக்கின்றன? இன்றைக்கே மாற்றிவிடலாம், அதனால்தான். பெஞ்சின் கோணத்தை மாற்ற ஒரு நொடி போதும். அதே பெஞ்சில் இரண்டரை கிலோ கூடுதலாகப் போட்டு அதே எண்ணிக்கையில் ரெப் (ஒரு தடவை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) எடுக்க வாரக்கணக்கில் ஆகும். அப்புறம், வீடியோ போடுகிற எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. வாரா வாரம் புதிதாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. "எடையைக் கூட்டுங்கள், நன்றாகத் தூங்குங்கள்" என்பதை எத்தனை தடவை சொல்வது? நான் சொல்லிக்கொண்டேதான் இருக்கப் போகிறேன்.

சரி, தசை எதற்கு வளர்கிறது? அதன் மேல் விழும் பளுவின் இழுவிசைக்கு. இதை ஒரு செட்டுக்குள்ளேயே, அதாவது நடுவில் ஓய்வில்லாமல் எடுக்கிற ரெப்களுக்குள்ளேயே, கண்ணால் பார்க்கலாம். பத்து ரெப் எடுக்க முடிகிற ஒரு எடையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து சரசரவென்று போகும். ஆறு, ஏழும் அப்படித்தான். எட்டாவதில் நீங்கள் முழு பலத்தோடு தள்ளினாலும் பார் மெதுவாக ஏறும். ஒன்பதாவதில் பாதி வழியில் நின்றுவிடுமோ என்று தோன்றும். பத்தாவதில் தோள் தூக்கிக்கொள்ளும், முகம் சுருங்கும். தானாகவே வேகம் குறைகிறது பாருங்கள், அந்த மெதுவான ரெப்களில்தான் தசையின் பெரிய நார்கள் எல்லாம் வேலைக்கு வந்து முழு பாரத்தையும் தாங்குகின்றன. எடை குறைவாக இருந்து 25, 30 ரெப் எடுத்தாலும், முடிவில் இந்த இடத்துக்கு வந்தால் தசை ஏறக்குறைய அதே அளவு வளர்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

உங்கள் செட்டை ஒரு தடவை போனில் படம் பிடித்துப் பாருங்கள். முதல் ரெப்பும் கடைசி ரெப்பும் ஒரே வேகத்தில் போயிருந்தால் அந்தச் செட் இன்னும் முடியவில்லை. நிறைய பேர் அங்கேதான் நிறுத்துகிறார்கள். நிறுத்திவிட்டு, கைப்பிடியை அகலமாகப் பிடிக்கலாமா என்று யோசிக்கிறார்கள்.

அடுத்தது நோட்டு. இதை இன்றைய பேச்சிலேயே முக்கியமானதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பயிற்சி, அதற்குப் பக்கத்தில் எடை, அதற்குப் பக்கத்தில் ரெப். உதாரணத்துக்கு: பெஞ்ச் பிரஸ், 50 கிலோ, மூன்று செட்டில் 8, 7, 6. அடுத்த வாரம் அதே 50 கிலோவில் 8, 8, 7 வந்தால் அது முன்னேற்றம். மூன்று செட்டிலும் பத்து பத்து வந்தவுடன் 52.5 கிலோவுக்குப் போங்கள். ரெப் மறுபடியும் எட்டுக்கோ ஏழுக்கோ இறங்கும், அங்கிருந்து மறுபடியும் ஏற்றுங்கள். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1940களில் தாமஸ் டெலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், காயம்பட்டுத் தசை மெலிந்துபோன போர் வீரர்களுக்கு இப்படித்தான் பயிற்சி கொடுத்தார். பத்து ரெப் மட்டுமே எடுக்க முடிகிற எடையைக் கண்டுபிடிப்பது, பலம் கூடக் கூட எடையைக் கூட்டுவது. 1945இல் அதை மருத்துவ இதழில் எழுதினார். இன்றைக்கு உலகத்தில் எந்த ஜிம்முக்குப் போனாலும் பத்து ரெப் செட் கண்ணில் படுகிறது என்றால் அதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

நோட்டு வைத்துக்கொள்ளும்போது இன்னொன்று புரியும். இந்த வாரம் 30 டிகிரி, அடுத்த வாரம் 45, அதற்கடுத்த வாரம் டம்பெல், அப்புறம் மெஷின் என்று மாற்றிக்கொண்டே இருந்தால் எழுதிய எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது. முன்னேறுகிறோமா, நின்ற இடத்திலேயே நிற்கிறோமா என்று தெரியாது. அதனால் 30ஆ 45ஆ என்பதற்கு என் பதில் இதுதான்: இரண்டிலும் மேல் மார்பு வேலை செய்யும். உங்கள் தோளுக்கு வசதியான ஒன்றை எடுங்கள், குறைந்தது மூன்று மாதம் அதைத் தொடாதீர்கள். சுண்டுவிரல் விஷயத்துக்கும் சொல்லிவிடுகிறேன். பைசெப்ஸ் கூர்மையாகத் தெரிவதும் நீளமாகத் தெரிவதும், தசை எங்கே முடிந்து தசைநார் எங்கே ஆரம்பிக்கிறது என்பதைப் பொறுத்தது. அது பிறவியிலேயே வருவது. தசையின் பருமனை நாம் கூட்டலாம், அதற்குத்தான் உழைக்க வேண்டும். சுவர் இருந்தால்தானே சித்திரம்?

எத்தனை செட்? ஒரு தசைக்கு வாரத்துக்குப் பத்து செட் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு அதைவிடக் குறைவாகவே போதும். நான் முன்னால் சொன்ன மாதிரி மெதுவான ரெப் வரைக்கும் போன செட்டை மட்டும் எண்ணுங்கள். ஸ்குவாட் மாதிரிப் பெரிய பயிற்சிகளில் செட்டுக்கு நடுவில் இரண்டு மூன்று நிமிடம் ஓய்வெடுக்கத் தயங்காதீர்கள். மூச்சு வாங்கிக்கொண்டே அடுத்த செட்டுக்குப் போனால், தசை சோர்வதற்கு முன்னால் நீங்கள் சோர்ந்துவிடுவீர்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். புரதத்தில் நாளின் மொத்தம்தான் கணக்கு. 2018இல் 49 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த அலசல் ஒன்று வந்தது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்குச் சுமார் 1.6 கிராம் புரதத்துக்கு மேல் போனால் தசைக்குக் கூடுதல் பலன் சராசரியாகத் தெரியவில்லை என்றது. 70 கிலோ எடை உள்ளவருக்கு அது 112 கிராம். ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு என்பதால் 2.2 கிராம் வரை போகிறவர்களும் இருக்கிறார்கள், அதில் தவறில்லை. எத்தனை நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும் என்ற கேள்விக்கு 2013இலேயே இதே மாதிரி ஓர் அலசல் வந்தது. நாளின் மொத்தப் புரதத்தைக் கணக்கில் சேர்த்தவுடன், நேரத்தால் வருவதாகத் தோன்றிய பலன் காணாமல் போனது. ஆகவே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு லாக்கர் ரூமுக்கு ஓட வேண்டாம். நிதானமாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள். கிரியேட்டினும் அப்படித்தான். தினமும் 3 முதல் 5 கிராம், எந்த நேரமானாலும் சரி, விடாமல்.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், அதிக எடை உள்ள பத்துப் பேரை இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்க வைத்தார்கள். இரண்டு தடவையும் உணவு ஒரே மாதிரி குறைக்கப்பட்டது. எடையும் இரண்டு தடவையும் ஏறக்குறைய மூன்று கிலோ குறைந்தது. ஆனால் நேரம் கொடுத்துத் தூங்கியபோது கொழுப்பில் 1.4 கிலோ போனது, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான். மிச்சம் கொழுப்பல்லாத உடல் எடையிலிருந்து போனது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் ராத்திரி ஒரு மணி வரைக்கும் விழித்திருந்து ஒர்க்அவுட் வீடியோ பார்க்கிற தம்பி தங்கைகள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

நுணுக்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேடை ஏறுகிற போட்டியாளருக்குக் கடைசி வாரங்களில் சின்னச் சின்ன விஷயமும் முக்கியம். பல வருடமாகத் தூக்கி, எடை ஏறாமல் நிற்கிறவர் கோணத்தையும் கைப்பிடியையும் மாற்றிப் பார்க்கலாம். மூட்டில் வலி இருந்தால் மூன்று மாதக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், அன்றைக்கே மாற்றுங்கள். வலி நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

இனிமேல் எனக்குக் கேள்வி அனுப்பும்போது உங்கள் நோட்டில் கடைசி நான்கு வாரப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். பக்கம் இல்லாதவர்கள் இந்த வாரம் ஆரம்பியுங்கள், ஒரு மாதம் கழித்து அனுப்புங்கள். முடிந்தவரை ஒவ்வொன்றையும் நானே பார்த்துப் பதில் சொல்கிறேன்.