அமுச்சியின் நாலு டம்ளர்: இது என்ன டிசைன்?

வணக்கமுங்க. இன்றைக்கு ஊர் சுற்றல் எல்லாம் இல்லை, பொள்ளாச்சியில் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன், முன்னால் நாலு கண்ணாடி டம்ளர். அப்பிச்சி, அதாவது தாத்தா, வால்பாறை எஸ்டேட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, சீமைக்குத் திரும்பிய துரை கொடுத்துவிட்டுப் போனதாம். மூன்று டம்ளர் அலமாரியில் இருந்தன, நாலாவதில் அமுச்சி திருநீறு போட்டு வைத்திருந்தது.

என் மாப்பிள்ளை போட்டோவைப் பார்த்ததுமே "வாட்டர்ஃபோர்டு லிஸ்மோர்டா, விற்றால் காரே வாங்கலாம்" என்றான். அவன் வாய்க்குச் சர்க்கரை போடலாம், ஆனால் லிஸ்மோர் இது இல்லைங்க. அது அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டு கண்ணாடிக் கம்பெனிக்காக 1952-ல் மிரோஸ்லாவ் ஹாவெல் வரைந்த டிசைன். கீழே டைமண்ட் கட்டம், அதற்கு மேலே ஈட்டி ஈட்டியாக நெட்டுக்குத்து வெட்டு. இதில் ஈட்டி எங்கே? விளிம்புக்குக் கீழே விசிறி விரிந்திருக்கிறது, ஒவ்வொரு டைமண்டின் தலையிலும் பொடிப்பொடியாகக் குறுக்குக் கோடு. இதற்கு ஸ்ட்ராபெர்ரி டைமண்ட் என்று பெயர். எத்தனையோ பட்டறைகளில் வெட்டியிருக்கிறார்கள், அதனால் டிசைனை மட்டும் வைத்து இன்ன கம்பெனி என்று அடித்துச் சொல்ல முடியாது.

அப்புறம் எதை வைத்துச் சொல்வது? கவிழ்த்துப் பாருங்க. கண்ணாடியை ஊதிச் செய்யும்போது அடியில் ஒரு இரும்புக் கம்பியில் ஒட்டிப் பிடிப்பார்கள், அதை உடைத்து எடுத்த தழும்பு இருக்கும். நல்ல சாமான் என்றால் அதைத் தேய்த்து வழவழவென்று ஒரு சின்னக் குழியாக்கி விட்டிருப்பார்கள். இதோ, குழி. அடியில் வாயால் ஆவி ஊதினால் ஆசிட்டில் பொறித்த பெயர் தேய்ந்து போயிருந்தாலும் சில சமயம் லேசாகத் தெரியும். ஊதி ஊதித் தலை சுற்றியதுதான் மிச்சம், பெயர் இல்லை.

சரி, கையால் வெட்டியதா? கேமராவைக் கிட்டக் கொண்டு வருகிறேன். சுற்றிலும் 16 டைமண்ட். பதினாறாவது மட்டும் கொஞ்சம் ஒல்லி, பாருங்க. வெட்டிக்கொண்டே வந்தவர் ஆரம்பித்த இடத்துக்கு வந்து சேரும்போது இடம் பற்றவில்லை. எனக்கு இந்த டம்ளரிலேயே பிடித்த இடம் இதுதான். விரலை ஓட்டினால் முனை சுருக்கென்று குத்துகிறது, சுண்டினால் மணி மாதிரி இழுக்கிறது, அப்படியென்றால் ஈயம் கலந்த கண்ணாடியாகத்தான் இருக்கும். அழகாக இருக்கிறதே என்று இதில் ஊறுகாய் போட்டு வைத்துவிடாதீர்கள், புளிப்பில் ஈயம் இறங்கும்.

இப்போது அந்தத் திருநீறு டம்ளர். டைமண்ட் எல்லாம் ஒரே அளவு, முனை மழுங்கல், பக்கவாட்டில் மேலிருந்து கீழே மெல்லிசாக ஒரு கோடு. அச்சில் அழுத்தியது! செட்டிலேயே சேராது.

அமுச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரே சிரிப்பு.

"கழுவறப்ப ஒண்ணு ஒடஞ்சு போச்சு கண்ணு. கோயமுத்தூர்ல தேடி இத வாங்கியாந்து வெச்சேன். உங்க அப்பிச்சி கடைசி வரைக்கும் கண்டுபுடிக்கல."