ஒழியவில்லை, ஒளிந்திருக்கிறது

நடுவர் அவர்களுக்கும் எதிரணித் தோழர்களுக்கும் சபையோருக்கும் வணக்கம்.

ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி என்ற வழக்கம் இன்றைய இளையர்களிடம் ஒழிந்துவிட்டதா, ஒளிந்திருக்கிறதா? இதுதான் தலைப்பு. ஒளிந்திருக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா நம் சிங்கப்பூரின் சட்டங்களை அடுக்கினார். 1961ல் பெண்களின் உரிமைகளைக் காக்கும் மாதர் சாசனம் என்ற சட்டம் வந்தது. மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம்தான் என்று 1979ல் போட்ட கட்டுப்பாடு 2003ல் போனது. கட்டியவளே ஆனாலும் அவள் சம்மதம் வேண்டும் என்று 2020 முதல் சட்டம் முழுமையாகச் சொல்கிறது. அத்தனையும் உண்மை, நானும் கைதட்டினேன். ஆனால் அக்கா, இதில் பெரும்பாலானவை நமக்கு முந்திய தலைமுறை போராடி வாங்கியவை. சட்டம் மாறியதைக் காட்டி நம் மனமும் மாறிவிட்டது என்று எப்படிச் சொல்வீர்கள்?

படிப்பிலும் வேலையிலும் நாம் மாறியிருக்கிறோம், சரி. காதல், உடல் என்று பேச்சு வந்ததும் என்ன நடக்கிறது?

நான் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியை முடித்தவன். முகாமில் இரவுப் பேச்சு எப்படிப் போகும் என்று தெரியும். மூன்று பெண்களோடு பழகியவனுக்குத் தனி மரியாதை. யாரோடும் பழகாதவனுக்குக் கேலி, அவன் வாயே திறக்க மாட்டான். அதே மரியாதைக்காரனிடம் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால், "பொண்ணுக்கு முன்னால யாரும் இருந்திருக்கக் கூடாது" என்பான். அவன் பழகிய மூன்று பேரும் நாளைக்கு யாரையோ கட்டிக்கொள்ளப் போகிறவர்கள்தானே? அவர்களுக்கு என்ன பதில்? ஆண்களை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். "அவ அந்த மாதிரி" என்று முதலில் சொல்வது பல நேரம் இன்னொரு பெண்தான்.

அடுத்து, கைப்பேசி. ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதமில்லாமல் பரப்பினால் ஐந்தாண்டு வரை சிறை, அபராதம், பிரம்படி. 2020 ஜனவரி 1 முதல் இங்கே இதுதான் சட்டம். சட்டம் பரப்பியவனைப் பிடித்துக் கேட்கிறது. நம் வாட்ஸ்அப் குழுவோ, "எதுக்கு எடுத்தா? எதுக்கு அனுப்புனா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்கிறது. கேட்பவர்கள் தாத்தா பாட்டி இல்லை, நடுவர் அவர்களே. என் வயதுக்காரர்கள்.

2018 நவம்பரில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக விடுதியில் குளித்துக்கொண்டிருந்த மாணவியை ஒருவன் படம் பிடித்தான். 2019ல் அந்த மாணவி துணிந்து வெளியில் சொன்னார், இளையர்கள் ஆதரவாகத் திரண்டார்கள், பல்கலைக்கழகம் தன் தண்டனை விதிகளைக் கடுமையாக்கியது. எதிரணி இதைத் தங்கள் வெற்றியாகக் காட்டக்கூடும். அந்த ஆதரவை நானும் மதிக்கிறேன், நம் தலைமுறை பெருமைப்பட வேண்டிய தருணம் அது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். அந்த மாணவி குளித்துக்கொண்டிருந்தார், யாருக்கும் எதையும் அனுப்பவில்லை. அவர்மேல் குறைசொல்ல ஒருவருக்கும் வழியில்லை. காதலனை நம்பித் தானே படம் அனுப்பிய பெண்ணும் ஏமாற்றப்பட்டவள்தான். சட்டத்தின் முன் இருவருக்கும் நடந்தது குற்றம். அவளுக்காக இதே கூட்டம் திரளுமா? அவளிடம் முதலில், "நீ ஏன் அனுப்பினாய்?" என்றுதானே கேட்கிறோம்? குற்றமே இல்லாதவள் என்று நிரூபித்த பிறகுதான் ஒரு பெண்ணுக்கு நம் ஆதரவு கிடைக்கிறது. எந்த ஆணிடமும் நாம் இந்த நிரூபணத்தைக் கேட்டதில்லை.

இரவு பத்து மணிக்கு மகளுக்கு மட்டும் போன் போடும் வீடுகளைப் பற்றி நான் பேசவில்லை. அது பெற்றோர் விஷயம், தலைப்பு இளையர்களைப் பற்றியது.

அடுத்துப் பேசவரும் எதிரணித் தோழருக்கு ஒரே ஒரு கேள்வி. ஒரு காதல் ஜோடியின் அந்தரங்கப் படம் வெளியே வருகிறது. இருவர் முகமும் அதில் தெரிகிறது. மறுநாள் வகுப்புக்கு வரமுடியாமல் போவது யார்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

நன்றி, வணக்கம்.