பூட்டிய பூங்காவில் யாருக்கு நிழல்?

(காட்சி: மதுரை, மே மாத நண்பகல். பூட்டிய இரும்புக் கதவு. உள்ளே வேப்பமரங்கள்.)

வணக்கம். கதவுக்கு உள்ளே பாருங்கள். தரையெல்லாம் வேம்பின் நிழல், ஆளே இல்லை. வெளியே பாருங்கள். கொய்யாப்பழம் விற்கும் பெரியவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, சுடுகிற சுவரோரம் ஒண்டி உட்கார்ந்திருக்கிறார். பலகையில் காலை 5 முதல் 9 வரை, மாலை 4 முதல் 8 வரை என்று எழுதியிருக்கிறது. எந்த நேரத்தில் நிழல் வேண்டுமோ அந்த நேரத்தில்தான் பூட்டு.

ஒரு பூங்காவையும் சமுதாயக் கூடத்தையும் மாநகராட்சி எப்படி நடத்துகிறது, இன்னும் எப்படி நடத்தலாம் என்று இந்த வீடியோவில் பார்க்கலாம்.

முதலில், இடம் யாருடையது? 1992-ல் நிறைவேறிய 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கு 18 பணிகளைப் பட்டியலிட்டது. பூங்காவும் விளையாட்டுத் திடலும் அதில் உண்டு. குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கும் பூங்கா இடங்கள் பல, மனைப்பிரிவு போடும்போது ஒதுக்கியவை. இன்றைய விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் செலவும் மனை விலையில்தான் ஏறும். அதனால் இந்த நிழலை நாம் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை, நம்முடையது என்றே கேட்கலாம்.

மதுரை மாநகராட்சியில் 100 வார்டுகள், 5 மண்டலங்கள். பூங்கா வேலை ஒரே மேசையில் முடிவதில்லை. கட்டுவதும் பழுது பார்ப்பதும் பொறியியல் பிரிவு, வாடகையும் குத்தகையும் வருவாய்ப் பிரிவு, குப்பை சுகாதாரப் பிரிவு. சாவி மட்டும் காவலாளியிடம்.

(காட்சி: கயிற்றில் கோத்த சாவிக்கொத்து.)

மதியம் ஏன் பூட்டுகிறீர்கள் என்று ஒரு காவலாளி அண்ணனிடம் கேட்டேன். "நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும் தம்பி, மாற்று ஆள் கிடையாது" என்றார். அவர் மேல் என்ன தப்பு? காலை 5 முதல் இரவு 8 வரை 15 மணி நேரம். ஆளுக்கு 8 மணி நேரம் என்றால் இரண்டு பேர் வேண்டும். இருவருக்கும் வார விடுப்பு உண்டு என்றால் மூன்றாவது ஆள் வேண்டும். அந்த மூன்றாவது ஆளை இரண்டு மூன்று பூங்காக்களுக்குப் பொதுவாக வைக்கலாம். பூட்டுக்குக் காரணம் சட்டமல்ல, ஆள் கணக்கு.

மாலையில் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போய்ப் பாருங்கள். திருமலை நாயக்கர் வெட்டிய குளம் அது, பூங்கா என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் சுற்றிலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். உட்காரத் திண்டு, வீசுகிற காற்று, கையில் ஒரு பொட்டலம் சுண்டல். இந்த ஊர் மக்கள் ஒரு பொது இடத்தில் கேட்பது அவ்வளவுதான்.

பூங்கா அமைப்பவர்களோ முதலில் புல்தரை போடுகிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் விட்டாலும், 1,000 சதுர மீட்டர் புல்லுக்கு 5,000 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு லாரித் தண்ணீர், தினமும்! ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருக்கும் ஊருக்கு இது கட்டாது. வேம்பும் புங்கையும் முதல் இரண்டு மூன்று கோடை தாங்கிவிட்டால் பிறகு தாமே பிழைத்துக்கொள்ளும். காலடியில் மண் இருந்தால் போதும், பிள்ளைகள் விளையாட மண்தான் நல்லது.

(காட்சி: ஊஞ்சல் கொக்கி, மிக அருகில்.)

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சங்கிலி தொங்கும் கொக்கி. வெளியே பெயிண்ட் பளபளக்கிறது. சங்கிலியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தால்தான் உள்வளைவு தெரியும். இரும்போடு இரும்பு உரசி, பாதி தேய்ந்திருக்கிறது. கீழே நின்று பார்க்கும் யாருக்கும் இது தெரியாது. இப்படி ஒரு கொக்கி அறுந்துதான் என் அக்கா மகள் விழுந்தாள். உதட்டில் இரண்டு தையல். புதுக்கொக்கிக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். ஆனால் பூங்கா கட்டத் திட்ட நிதி வருகிறது, திறப்பு விழா நடக்கிறது. கொக்கி மாற்றத் தனியாக மதிப்பீடு போட்டு, கையெழுத்து வாங்கி, ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது. கட்டும்போதே ஐந்து வருடப் பராமரிப்பையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாதம் ஒருமுறை ஒவ்வொரு கொக்கியையும் தூக்கிப் பார்த்து, தேதி எழுதிக் கையெழுத்திட ஒரு நோட்டும் வேண்டும்.

இனி சமுதாயக் கூடம். முகூர்த்த நாள் என்றால் இடம் கிடைக்காது. காதுகுத்து, வளைகாப்பு, சடங்கு என்று ஏதாவது ஒரு விசேஷம் இருக்கும். பெரிய மண்டபத்துக்கு வாடகை கொடுக்க முடியாத குடும்பங்களுக்கு இந்தக் கூடம்தான் கௌரவம். அதில் கை வைக்கக் கூடாது. ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. முகூர்த்தமில்லாத வார நாட்களும் நிறைய உண்டு. விளக்கு, மின்விசிறி, கழிப்பறை எல்லாம் இருந்தும் கூடம் பூட்டிக் கிடக்கும். அதே தெருவில், ஒற்றை அறை வீட்டில், டி.வி. சத்தத்துக்கு நடுவே காதைப் பொத்திக்கொண்டு பிளஸ் டூ பிள்ளை படிக்கும். மாலை 6 முதல் 9 வரை கூடத்தைப் படிக்கத் திறந்துவிடலாம். பகலில் தையல் வகுப்பு, பெரியவர்களுக்கு ரத்த அழுத்தப் பரிசோதனை. வருடத் தொடக்கத்திலேயே பஞ்சாங்கத்தைப் பார்த்துக் காலி நாட்களைக் குறித்து, கதவில் ஒட்டிவிட வேண்டும்.

இதையெல்லாம் எங்கே கேட்பது? 2022 முதல் நகரங்களில், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. வார்டு கவுன்சிலர் வருவார், அதிகாரிகள் வருவார்கள். போகும்போது பொதுவாகப் புகார் சொல்லாமல், பூங்காவின் பெயர், பூட்டும் நேரம், தேய்ந்த கொக்கியின் படம், காலி நாட்களின் பட்டியல் என்று எழுதிக் கொண்டுபோங்கள்.

(காட்சி: ஒரு மனு. கீழே வரிசையாகக் கையெழுத்துகள்.)

எங்கள் தெருவின் மனு இது. கோரிக்கை ஒன்றே ஒன்று: சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் காலை 9 முதல் மாலை 4 வரை பூங்காவைத் திறந்து வையுங்கள். மூன்றாவது கையெழுத்து, கொய்யாப்பழப் பெரியவருடையது.