வேகக் காருக்கு இலேசான கிளட்ச்: எடையைப் பார்ப்பதற்கு முன்

மதுரை வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான்குவழிச் சாலைகள் வந்த பிறகு நம் பகுதியில் டர்போ என்ஜின் கார்கள் பெருகிவிட்டன. 160 குதிரைத்திறனும் 253 நியூட்டன் மீட்டர் டார்க்கும், அதாவது சுழற்றும் விசையும், தருகிற 1.5 லிட்டர் டர்போ வெர்னாவை வாங்கி, அதுவும் போதாதென்று என்ஜினின் கணினிப் பதிவை மாற்றி, அதாவது ரீமேப் செய்து, டார்க்கை 330 வரை ஏற்றிக்கொள்ள விரும்புகிற இளைஞர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். ஏற்றிய சக்தியைத் தாங்க முடியாமல் முதலில் கைவிடுவது பெரும்பாலும், என்ஜினைக் கியர்பாக்ஸோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவுகிற கிளட்ச்தான். உடனே அவர்கள் கேட்பது, "இருப்பதிலேயே எடை குறைந்த கிளட்ச் எது?" என்ற கேள்வியை. எடையிலிருந்து தொடங்கினால் தேர்வு பிசகிவிடும் என்பது என் உறுதியான கருத்து. எவ்வளவு டார்க்கைத் தாங்க வேண்டும், எத்தகைய சாலையில் ஓடப்போகிறது என்ற இரண்டையும் முடிவு செய்த பிறகே, எந்த இடத்தில் எடையைக் குறைத்தால் பலன் கிடைக்கும் என்று பார்க்க வேண்டும்.

கிளட்ச் தாங்கும் டார்க்கை நான்கு அளவுகளின் பெருக்கல் தீர்மானிக்கிறது: உராயும் பரப்புகளின் எண்ணிக்கை, உராய்வுப் பொருளின் பிடிமானம், என்ஜினோடு சுழலும் ஃபிளைவீல் என்ற கனமான சக்கரத்தின் மேல் கிளட்ச் பிளேட்டைப் பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, உராயும் வளையத்தின் சராசரி ஆரம். கார் நிறுவனங்கள் என்ஜினின் உச்ச டார்க்கைவிடக் கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ கூடுதலாகத் தாங்கும்படி கிளட்சை வடிவமைப்பது வழக்கம். 253 நியூட்டன் மீட்டருக்கு அமைந்த கிளட்சின் மேல் 330ஐ ஏற்றினால் அந்த உபரி முழுவதும் கரைந்துபோகும். அதற்கான அடையாளம் முதல் கியரில் தெரிவதைவிட மேல் கியரில் தெளிவாகத் தெரியும். ஐந்தாவது கியரில் நிமிடத்துக்கு 1,800 சுற்றுகளில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால், சுற்றுமானி முள் துள்ளி ஏறும். வேகமானியோ அதற்கு ஏற்ப நகராது. அப்படிப்பட்ட ஒரு காரின் கியர்பாக்ஸைக் கழற்றிப் பார்த்தால், பிரஷர் பிளேட்டின் முகத்தில் நீலம் பாரித்த திட்டுகளும், அவற்றின் நடுவே முடியிழை போன்ற வெடிப்புகளும் தெரியும். கிளட்ச் பிளேட்டின் உராயும் முகம் கண்ணாடிபோல் மினுங்கும். விரலால் தடவினால் வழுக்கும்.

தாங்கும் திறனைக் கூட்ட எளிய வழி அழுத்தும் விசையைக் கூட்டுவது. ஆனால் பெடல் கனத்துப்போகும். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் அந்தக் கூடுதல் விசை கிராங்க் ஷாஃப்டின் முன்பின் அசைவைத் தடுக்கும் திரஸ்ட் வாஷர்களின் மேல் விழும். பிடிமானம் கூடிய செராமிக் துண்டுகளைப் பதித்த பிளேட்டைப் போடுவது இன்னொரு வழி. அது சூட்டைத் தாங்கும். ஆனால் பிடிக்கும்போது வெடுக்கென்று பிடிக்கும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் அது சரி. சிம்மக்கல்லில் ஆட்டோவுக்கும் பேருந்துக்கும் நடுவே அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டிய காருக்கு அது பொருந்தாது.

எடை என்ற கேள்வி உண்மையில் பொருள்படுவது மூன்றாவது வழியில்தான். ஒரே பிளேட்டுக்குப் பதிலாகச் சிறிய விட்டமுள்ள இரண்டு பிளேட்டுகளைப் பயன்படுத்துகிற இரட்டைப் பிளேட் கிளட்ச் அது. ஒரே தடிமனுள்ள வட்டத் தகட்டின் சுழற்சி நிலைமம், அதாவது சுழலும் வேகத்தை மாற்றுவதற்கு அது காட்டும் எதிர்ப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும். 240 மில்லிமீட்டர் பிளேட்டை 184 மில்லிமீட்டருக்குக் குறைத்தால், விட்டம் கால் பங்குக்கும் குறைவாகவே குறைகிறது. நிலைமமோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. அத்தகைய இரண்டு பிளேட்டுகளைச் சேர்த்தாலும் பழைய ஒற்றைப் பிளேட்டின் நிலைமத்தில் எழுபது விழுக்காடுதான் வரும். உராயும் பரப்புகள் இரண்டிலிருந்து நான்காவதால், ஆரம் குறைந்தபோதும், அதே அழுத்தத்தில் அதே உராய்வுப் பொருளைக் கொண்டு ஒன்றரை மடங்கு டார்க்கைத் தாங்கலாம். பெடல் கனக்காமலே இந்தத் திறன் கிடைப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. விலை கூடுதல்தான், பொருத்தும் வேலையும் நுட்பமானதுதான்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு வேறுபாட்டை நான் வலியுறுத்த விரும்புகிறேன். கிளட்ச் பெடலை மிதித்தவுடன் ஃபிளைவீலும் பிரஷர் பிளேட்டும் என்ஜினோடு தங்கிவிடுகின்றன. கிளட்ச் பிளேட் மட்டும் கியர்பாக்ஸின் தண்டோடு சுழல்கிறது. ஆகவே பிளேட்டின் எடையைக் குறைத்தால் கியர் விழும் முன் சுழலும் வேகங்களைச் சமப்படுத்துகிற கியர்பாக்ஸின் சிங்க்ரோ வளையங்களுக்குச் சுமை குறைந்து கியர் வழுவழுவென்று விழும். ஃபிளைவீலின் எடையைக் குறைத்தால் என்ஜின் சுற்று விரைவாக ஏறி இறங்கும். இந்த இரண்டில் உங்களுக்கு வேண்டியது எது என்பதைச் சொல்லாமல் "இலேசான கிளட்ச்" என்று மட்டும் கடைக்காரரிடம் கேட்டால், அவர் கையில் இருப்பதைத்தான் தருவார்.

ஃபிளைவீலைப் பற்றி ஒரு கணக்கைச் சொல்கிறேன். மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் ஆரத்தில் 4 கிலோ இரும்பைக் குறைத்ததாக வைத்துக்கொள்வோம். முதல் கியரில் சக்கரம் ஒருமுறை சுழல என்ஜின் 14 முறை சுழல வேண்டும் என்றும், டயரின் ஆரம் 30 சென்டிமீட்டர் என்றும் கொண்டால், வேகம் எடுக்கும்போது காரிலிருந்து 87 கிலோவை இறக்கிவைத்ததற்கு அது சமம். அதே குறைப்பு, என்ஜின் மூன்று முறை சுழலச் சக்கரம் ஒருமுறை சுழலும் மேல் கியரில் வெறும் 4 கிலோவுக்குத்தான் சமம். மதுரையிலிருந்து நத்தம் செல்லும் 7.3 கிலோமீட்டர் பறக்கும் சாலையில் மேல் கியரில் போகிறவருக்கு இலேசான ஃபிளைவீலால் ஏதும் தெரியப்போவதில்லை.

இலேசுக்கு விலையும் உண்டு. என்ஜின் சுற்றை நிலையாக வைத்துக்கொண்டு கிளட்சை மெல்ல விட்டுக் காரை நகர்த்தும்போது, கார் பெறுகிற இயக்க ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமமான ஆற்றல் கிளட்சில் வெப்பமாக மாறுகிறது. அதே வெப்பத்துக்குப் பாதி எடையுள்ள இரும்பு இரண்டு மடங்கு சூடாகும். சித்திரைத் திருவிழா நாட்களில் கோரிப்பாளையத்திலும் தல்லாகுளத்திலும் ஹாஃப் கிளட்சிலேயே நகர வேண்டியிருக்கும்போது, அல்லது வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறி ஒரு வளைவில் லாரிக்காக நின்று மறுபடியும் புறப்படும்போது, கனமான ஃபிளைவீல் தருகிற நிதானம் எவ்வளவு பெரியது என்பது புரியும். இலேசான ஃபிளைவீல் போட்ட காரில் மேட்டில் சுற்று சட்டென்று விழுந்து என்ஜின் அணைந்துபோகும். நம் வெயிலில் ஏ.சி.யை அணைத்துவிட்டு ஓட்டவும் முடியாது. அதன் கம்ப்ரசர் சுமையைப் பிடிக்கும் நேரத்தில் ஐட்லிங்கும் தடுமாறும்.

ஆகவே அன்றாடம் ஊருக்குள் ஓடும், சுமார் 330 நியூட்டன் மீட்டர் வரை டார்க் தரும் காருக்கு, பிசினால் பிணைத்த இழைகளாலான ஆர்கானிக் உராய்வுப் பொருளும் நடுவில் ஸ்பிரிங்குகளும் கொண்ட ஒற்றைப் பிளேட்டையும், சற்றே வலுவான பிரஷர் பிளேட்டையும், மிதமாக எடை குறைத்த வார்ப்படமல்லாத எஃகு ஃபிளைவீலையும் பரிந்துரைப்பேன். டார்க் 400ஐத் தாண்டினால் இரட்டைப் பிளேட்டுக்குப் போகலாம். ஃபார்முலா 1 கார்களில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் விட்டமே உள்ள கார்பன் கிளட்ச் இருக்கிறதே என்று கேட்கலாம். குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காத அந்தப் பொருளுக்கு நம் தெருக்களில் வேலை இல்லை. உங்கள் காரில், ஸ்பிரிங்குகளால் இணைந்த இரண்டு பகுதிகள் கொண்ட இரட்டை நிறை ஃபிளைவீல் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதை எடுத்துவிட்டு ஒற்றை நிறை ஃபிளைவீலைப் போட்டால், நியூட்ரலில் கியர்பாக்ஸ் கடகடவென்று சத்தம் போடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்போடு சொல்ல வேண்டும். கே.புதூரிலும் கப்பலூரிலும் திறமையான லேத் பட்டறைகள் உண்டு; ஆனால் கம்பெனி வார்ப்பிரும்பு ஃபிளைவீலைக் கடைந்து மெலிதாக்கித் தரும்படி அவர்களிடம் கேட்காதீர்கள். 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஃபிளைவீல் 7,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு 360 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் செல்கிறது. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காமல் உடைந்து சிதறும் பொருள். பின்சக்கர இயக்கமுள்ள கார்களில் அது ஓட்டுநரின் பாதத்துக்கு மிக அருகே சுழல்கிறது. பந்தயப் பாகங்களுக்கான எஸ்.எஃப்.ஐ. 1.1 போன்ற சான்று பெற்ற எஃகு ஃபிளைவீலை வாங்குவதே உயிருக்குப் பாதுகாப்பு.

பொருத்தும்போது, பெடலை மிதித்தால் பிரஷர் பிளேட்டின் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், ஃபிளைவீல் போல்ட்டுகள், கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க எண்ணெய் சீல் ஆகிய மூன்றையும் புதிதாகவே போடச் சொல்லுங்கள். கியர்பாக்ஸை இரண்டாம் முறை இறக்கும் கூலியைவிட அவற்றின் விலை குறைவு. ஃபிளைவீலின் முகத்தை எண்ணெய்ப் பிசுக்கின்றித் துடைத்த பிறகே பிளேட்டை வைக்க வேண்டும். பிறகு சுமார் 800 கிலோமீட்டர் வரை, நெடுஞ்சாலையில் அல்லாமல் ஊருக்குள், கியரை அடிக்கடி மாற்றி, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்காமல் ஓட்டுங்கள். உராய்வுப் பொருளும் இரும்பு முகமும் ஒன்றோடொன்று படிவது அந்தத் தூரத்தில்தான். ரீமேப் செய்ததை அதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

நன்றி, வணக்கம்.