சோதனைக்கே ஒரு சோதனை
(வேலூரில் கணினித் துறை மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். என் படிப்பைப் பற்றியும் ஆராய்ச்சியைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். படிப்பைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஆம்பூரில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி, இதே வேலூரில் பி.எஸ்சி. கணிதம், அப்புறம் எம்.சி.ஏ., கொஞ்ச காலம் சென்னையில் டெஸ்டிங் வேலை, அதாவது எழுதிய நிரல் (கணினி புரோகிராம்) சரியாக ஓடுகிறதா என்று சோதிப்பது. "எல்லா டெஸ்ட்டும் பாஸ்" என்று தினமும் ரிப்போர்ட் அனுப்புவோம். சரி, அந்த டெஸ்ட்டுகள் உருப்படியானவையா என்று யார் பார்ப்பது? இந்தக் குடைச்சல்தான் என்னை பிஎச்.டி.க்கு இழுத்து வந்தது.

1978-லேயே டிமில்லோ, லிப்டன், சேவர்ட் என்ற மூவர் இதற்கு ஒரு வழி எழுதினார்கள். நிரலில் நாமே வேண்டுமென்று ஒரு சின்னத் தப்பைச் செருக வேண்டும். டெஸ்ட் அதைப் பிடிக்காவிட்டால் ஓட்டை டெஸ்ட்டில் இருக்கிறது. இதுதான் மியூட்டேஷன் டெஸ்டிங்.

முதியோர் உதவித்தொகைக்கு ஒரு நிரல் எழுதுகிறீர்கள். விதி, வயது 60 அல்லது அதற்கு மேல். நான் அதைக் கமுக்கமாக "60-க்கு மேல்" என்று மாற்றிவிடுகிறேன். உங்கள் டெஸ்ட்டில் 45 வயதுக்காரர் ஒருவர், 75 வயதுக்காரர் ஒருவர். இரண்டு பேருக்கும் சரியான விடையே வரும், இரண்டு டெஸ்ட்டும் பாஸ்! சரியாக 60 வயதானவரை அனுப்பினால்தான் என் குட்டு வெளிப்படும். அப்படி ஒரு டெஸ்ட் இல்லையென்றால், குடியாத்தத்தில் மனு கொடுக்கிற 60 வயது அம்மாவுக்குத்தான் "தகுதியில்லை" என்று வரும்.

சிக்கல் எங்கே என்றால், சிறிய நிரலிலேயே இப்படி நூற்றுக்கணக்கான மாற்றங்கள் செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட்டுகளை ஓட்ட வேண்டும். அதிலும் சில மாற்றங்கள் நிரலின் நடத்தையை மாற்றவே மாற்றாது. பூஜ்யத்திலிருந்து ஒவ்வொன்றாக எண்ணி ஏறும் லூப்பில் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதியில்) "n-ஐவிடக் குறைவு" என்பதை "n-க்குச் சமமில்லை" என்றாக்கினால், n எதிர்மறையாக இல்லாதவரை, விடை அதேதான். எந்த டெஸ்ட்டாலும் பிடிக்க முடியாது. இப்படிப்பட்டவற்றை எல்லா நிரல்களிலும் தவறாமல் கண்டுபிடிக்கும் அல்காரிதம், அதாவது கணினிக்கான செய்முறை, கிடையாது. ஓரளவுக்காவது முன்கூட்டியே வடிகட்டுவதுதான் இப்போது என் வேலை.

இதை சர்வரோக நிவாரணி என்று நினைத்துவிடாதீர்கள். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது, அரக்கோணம் ராணிப்பேட்டைக்கு. எந்த ஊர் எந்த மாவட்டம் என்று சொல்லும் நிரலும் அதன் டெஸ்ட்டும் பழைய பட்டியலையே வைத்திருந்தால், செருகிய தப்பையெல்லாம் பிடித்து மியூட்டேஷனில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் விடை தப்புத்தான்.

ஜாவா மொழி நிரல்களுக்குப் பிட்டெஸ்ட், பைத்தான் மொழி நிரல்களுக்கு மியூட்மட் என்று இலவசக் கருவிகள் இருக்கின்றன. மதியம் லேபில் உங்கள் போன செமஸ்டர் ப்ராஜெக்ட் ஒன்றை எடுத்து ஓட்டிப் பார்ப்போம். யாருடையது என்று நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.