சுண்டலுக்குப் போன மாமா

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கவிதையும் பாட்டும் கேட்கச் சுகம் ஊர் மேடையா, உள்ளங்கைக் கைபேசியா? நான் ஊர் மேடை.

எதிரணி அம்மா என்ன சொன்னாங்க? "கவியரங்கத்துக்குப் போறவன் கவிதைக்கா போறான்? சுண்டலுக்குப் போறான்!" கை தட்டுனீங்க. தட்டுன கையில பாதி, சுண்டல் வாங்குன கை!

எங்க மாமாவும் சுண்டல் கட்சிதான். மாரியம்மன் கோயில் திருவிழா. ராத்திரி கவியரங்கம், அப்புறம் கச்சேரி. மாமா முதல் வரிசை. கவிஞர் "வானமே"ன்னாரு, மாமா கண்ணை மூடிட்டாரு. ஆஹா, ரசிக்கிறாருன்னு நினைச்சாரு கவிஞர். அஞ்சு நிமிஷம் கொடுத்தா பன்னெண்டு ஆச்சு. தலைவர் மணியைத் தட்டுனாரு. டிங்! மாமா முழிச்சாரு. கோயில்... மணி... தீபாராதனை! எழுந்து கன்னத்துல போட்டுக்கிட்டாரு. அவரைப் பார்த்துப் பின்வரிசை மொத்தமும் எழுந்து கன்னத்துல போட்டுக்குது! கவிஞர் கண்ணு கலங்கிடுச்சு. இப்படி ஒரு மரியாதையா? மறுபடி "வானமே"ன்னு ஆரம்பிச்சுட்டாரு! தலைவர் டிங். மாமா கன்னம். டிங். கன்னம். நடுவரே, நீங்க அந்த மணியில கை வைக்காதீங்க, எனக்கே கை தானா வருது!

பாட்டுக்கு வாங்க. திருவையாறு தியாகராஜர் ஆராதனையில நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீன்னு அஞ்சு ராகத்துல அவர் பாடிவெச்ச பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் கூடி உட்கார்ந்து பாடுறாங்க. வராளியை மட்டும் குரு நேரா சொல்லிக்கொடுத்தா குருவுக்கும் சிஷ்யனுக்கும் ஆகாதுன்னு ஒரு நம்பிக்கை. அப்புறம் எப்படி வந்துச்சு? பாடுறவங்க பக்கத்துல உட்கார்ந்து, காதால வந்துச்சு!

சரி, அந்தச் சுண்டல். அதை மாமா சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பொட்டலத்தை வேட்டியில முடிஞ்சுக்குவாரு. வீட்டுல அத்தைக்கு முட்டிவலி, நடக்க முடியாது. சுண்டலைக் கையில கொடுத்து, கேட்ட பாட்டை அரையும் குறையுமா பாடிக்காட்டுவாரு. ராகம் தப்பு, வரி தப்பு. அத்தை தலையாட்டிக்கிட்டே சாப்பிடுவாங்க.

போன ஆடியில அத்தை போயிட்டாங்க. இந்த வருஷம் மாமா வரமாட்டாருன்னு நினைச்சேன். வந்தாரு, அதே முதல் வரிசை. தூங்கவே இல்லை. பொட்டலம் வாங்குனாரு, பழக்கத்துல வேட்டியில முடிஞ்சாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அவிழ்த்து என் கையில வெச்சாரு. "நீ சாப்பிடுப்பா... கடைசியா என்ன பாட்டு பாடுனாங்க?"

நான் பாடிக்காட்டுனேன், நடுவரே. ராகம் தப்பு. மாமா தலையாட்டிக்கிட்டே இருந்தாரு.